ஹனியாய் மண்ணும் அதன் விவரக் குறிப்பும்: வெப் சாயில் சர்வே சேவை பற்றி ஒரு மதிப்புரை

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் ஏரிகள் பகுதியில், கனன்டைகுவா ஊருக்கு வடக்கே, ஒன்றரை ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிய முதல் வசந்தத்தில் நான் முதலில் செய்த வேலை 12 புளூபெர்ரிச் செடிகளை நட்டதுதான். செடி விற்றவர், “இது எந்த மண்ணிலும் வரும், கொஞ்சம் கந்தகத்தூள் போட்டால் போதும்” என்றார். நான் நம்பினேன். ஜூலை மாதத்துக்குள் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் வெளிறிய மஞ்சளாகவும் ஆகிவிட்டன. மறு ஆண்டு, மண்ணை அமிலமாக்கும் அந்தக் கந்தகத்தை இரு மடங்காகப் போட்டும் பயனில்லை. மூன்றாம் ஆண்டில் 4 செடிகளே மிஞ்சின. அதன் பிறகுதான் என் காலடியில் இருக்கும் மண் எது என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த இலவசச் சேவையைப் பற்றியும், அது காட்டிய மண்ணைப் பற்றியும்தான் இந்த மதிப்புரை.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை நடத்தும் இணையச் சேவை வெப் சாயில் சர்வே. 1899-இல் தொடங்கிய நாடளாவிய மண் கணக்கெடுப்பின் வரைபடங்கள், மாவட்டத்துக்கு ஒரு தடித்த புத்தகமாக அச்சாகி வந்தவை, 2005 முதல் இதன் வழியே எவருக்கும் கிடைக்கின்றன. முகவரியைக் கொடுத்து, வரைபடத்தில் உங்கள் நிலத்தைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தால், அந்தக் கட்டத்துக்குள் உள்ள மண் வகைகள் கோடு பிரித்துக் காட்டப்படும். ஒரு முறையில் 1,00,000 ஏக்கர் வரை கட்டம் போடலாம். என் ஒன்றரை ஏக்கருக்கு அது மிக மிக அதிகம். பக்கத்தின் அமைப்பு பழைய காலத்தது, கைப்பேசியில் பார்ப்பது சிரமம். கைப்பேசிதான் வசதி என்பவர்கள், இதே தரவைக் கொண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் உருவாக்கிய சாயில்வெப் செயலியைப் பயன்படுத்தலாம். நிலத்தில் நின்றபடி தொட்டால் போதும், அந்த இடத்து மண்ணின் அடுக்குப் படம் வந்துவிடும். அமைப்பைப் பற்றி இவ்வளவு போதும். உண்மையான செல்வம் அதற்குள் இருக்கும் மண் தொடர் விவரக் குறிப்பில் இருக்கிறது.

என் நிலத்தின் மேல் விழுந்த பெயர் “ஹனியாய் லோம், 3 முதல் 8 விழுக்காடு சரிவு” என்பது. லோம் என்றால் களியும் வண்டலும் மணலும் கலந்த மண். மண் தொடர் என்பது ஒரே தாய்ப்பொருளில், ஒரே மாதிரி அடுக்குகளோடு உருவான மண்ணின் குடும்பப் பெயர். முதலில் இனங்கண்ட இடத்துக்கு அருகே உள்ள ஊரின் பெயரையோ ஏரியின் பெயரையோ வைப்பது வழக்கம். கோவைப் பக்கத்து மண் அறிக்கைகளில் இருகூர் தொடர், பெரியநாயக்கன்பாளையம் தொடர் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஹனியாய் என்பது இங்கிருந்து தென்மேற்கே உள்ள ஓர் ஏரியின் பெயர், அது இப்பகுதியின் பூர்வகுடிகளான செனெக்கா மக்களின் மொழியிலிருந்து வந்தது. இந்த நிலத்தில் மக்காச்சோளம் விளைவித்தவர்கள் அவர்கள். 1779-இல் ஜெனரல் சல்லிவனின் அமெரிக்கப் படை வந்து அவர்களுடைய ஊர்களையும் மக்காச்சோளக் கொல்லைகளையும் எரித்தது. மண்ணின் பெயரில் அவர்கள் மொழி இருக்கிறது, விவரக் குறிப்பில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அறிவியல் குறிப்புக்கு அது தேவையில்லை என்று சொல்வார்கள். எனக்கு அது குறையாகவே படுகிறது.

நியூயார்க் மாநிலத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் ஏக்கரில் பரவியிருக்கும் இந்த மண்தான் அந்த மாநிலத்தின் மண்ணாகக் கருதப்படுகிறது. விவரக் குறிப்பின் முதல் பத்தியே அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது: மிக ஆழமான, நன்கு நீர் வடியும் மண், சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்பு கலந்த களிப்பாறையும் மிகுந்த, லோம் தன்மையுள்ள டில் படிவத்தில் உருவானது. டில் என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் மண்ணுக்கு அப்படி ஒரு பிறப்பு இல்லை. ஆறு கொண்டுவரும் வண்டல் தண்ணீரின் வேகத்துக்கு ஏற்பச் சலித்துப் பிரிந்து படியும். பருமணல் ஓரிடம், நுண்வண்டல் ஓரிடம். பனிப்படலம் அப்படிச் சலிப்பதில்லை. வடக்கேயிருந்து நகர்ந்து வந்த, கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி, வழியில் கிடந்த பாறையை அரைத்து, அரைத்த மாவையும் உடைந்த கல்லையும் ஒன்றாக இழுத்து வந்து, தன் எடையால் அழுத்திப் போட்டுவிட்டு உருகியது. களி, வண்டல், மணல், கூழாங்கல், பாறைத் துண்டு எல்லாம் பிரியாமல் ஒரே பிசைவாகக் கிடக்கும் அந்தப் படிவுதான் டில். இங்கே பனி ஏறி வந்த வழியில் லாக்போர்ட் டோலமைட்டும் ஒனன்டாகா சுண்ணாம்புக்கல்லும் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன; அவற்றை அரைத்த மாவு இந்த மண் முழுவதும் கலந்திருக்கிறது. சுண்ணாம்பு ஆகாத என் புளூபெர்ரிச் செடிகளின் விதி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

குறிப்பில் அடுத்து வரும் வகைப்பாட்டுப் பெயரைப் பார்த்துத்தான் பலர் மூடிவிடுகிறார்கள். “ஃபைன்-லோமி, மிக்ஸ்டு, மீசிக் கிளாசிக் ஹாப்லுடால்ஃப்ஸ்” என்று அது போகும்; களியின் சத்துப் பிடிப்புத் திறனைக் குறிக்கும் இன்னொரு சொல்லும் நடுவில் வரும். இதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்ய வேண்டாம், கடைசிச் சொல்லை வலமிருந்து இடமாகப் பிரித்துப் படித்தால் போதும். “ஆல்ஃப்” என்றால் ஆல்ஃபிசால் என்னும் வரிசை, உலக மண்ணைப் பிரித்த 12 வரிசைகளில் ஒன்று: மேலடுக்கிலிருந்து களி கழுவி இறங்கி அடிமண்ணில் சேர்ந்திருக்கும், சுண்ணாம்பு, மெக்னீசியம் போன்ற காரச் சத்துகள் 35 விழுக்காட்டுக்குக் குறையாமல் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். “உட்” என்றால் ஈரநிலை: வழக்கமான ஆண்டில் மண் எந்தப் பகுதியிலும் மொத்தமாக 90 நாள் கூடக் காய்ந்து கிடக்காது. தமிழ்நாட்டு மண்களின் வகைப்பாட்டில் இந்த இடத்தில் பெரும்பாலும் “உஸ்ட்” என்று இருக்கும். பருவத்தில் ஈரம், மற்ற காலத்தில் வறட்சி என்பதை அந்த ஓர் அசை சொல்லிவிடுகிறது. இந்தியாவின் மண் கணக்கெடுப்பும் இதே வகைப்பாட்டு முறையைப் பின்பற்றுவதால், இங்கே கற்ற இலக்கணம் அங்கேயும் செல்லும். “ஹாப்ல்” என்றால் எளிமையானது, வேறு சிறப்பு அடுக்கு இல்லாதது. “கிளாசிக்” என்பது கிரேக்கத்தில் நாக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; அதற்கு என்ன பொருள் என்பதைக் குழி தோண்டிய பிறகே நான் புரிந்துகொண்டேன்.

முன்னால் நிற்கும் சொற்களில் “மீசிக்” என்பது மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பதைச் சொல்கிறது, “மிக்ஸ்டு” என்பது எந்த ஒரு கனிமமும் ஆதிக்கம் செலுத்தாததைச் சொல்கிறது. “ஃபைன்-லோமி” என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். லோம் என்பது மேல்மண்ணின் பதத்தைக் குறிக்கும் சொல்; நம் வேளாண் துறை இருமண்பாடு என்று எழுதும். களி 7 முதல் 27 விழுக்காடு, வண்டல் 28 முதல் 50 விழுக்காடு, மணல் 52 விழுக்காட்டுக்கு மேற்போகாமல் இருந்தால் அது லோம். ஆனால் வகைப்பாட்டுப் பெயரில் வரும் ஃபைன்-லோமி, களி சேர்ந்திருக்கும் அடிமண்ணைப் பற்றியது: அங்கே களி 18 முதல் 35 விழுக்காட்டுக்குள்ளும், மென்மணலும் அதைவிடப் பருத்தவையும் 15 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஒன்று மேலே உழவன் கையில் உணர்வது, மற்றொன்று வேர் கீழே உணர்வது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, “லோம் என்றார்கள், அடியில் களியாக இருக்கிறதே” என்று குறைப்படுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறிப்பு பிழையானதன்று, அது இரண்டு இடங்களைப் பற்றிப் பேசுகிறது.

இனி குழி. வரைபடத்தை நம்பலாமா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழைத்து, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிடச் சொல்லிவிட்டு, மேட்டில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினேன். மேலே 20 சென்டிமீட்டருக்கு அடர்ந்த பழுப்பு மண், உழுத தடம் தெரிகிற சீரான அடுக்கு. நனைத்துக் கட்டைவிரலால் நீட்டினால் 2 சென்டிமீட்டர் நீளத்தில் நாடா அறுந்து விழுந்தது. லோம் என்பதற்கு அது சரியான அடையாளம். அதன் கீழே வெளிறிய, மாவு போன்ற மெல்லிய அடுக்கு. களியும் இரும்பும் கழுவப்பட்ட பகுதி. அதற்கும் கீழே நிறம் செம்பழுப்பாக மாறி, மண் சிறு கட்டிகளாக உடையத் தொடங்கியது. ஒரு கட்டியை எடுத்து வெயிலில் திருப்பினேன்: அதன் முகத்தில் மெழுகு பூசியது போல மினுமினுப்பு. மேலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைநீர் இறக்கி வைத்த களிப்படலம் அதுதான். அந்த வெளிறிய மாவு மண், செம்பழுப்பு அடுக்குக்குள் விரற்கடை நீளத்துக்கு நாக்கு நாக்காக இறங்கியிருந்தது. கிளாசிக் என்ற சொல்லின் பொருள் அங்கே குழிச் சுவரிலேயே எழுதியிருந்தது. களி சேர்ந்த அடுக்கே மேலிருந்து மெல்ல அரிபட்டுக் கீழே பின்வாங்கிக் கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நாக்குகள் சாட்சி.

65 சென்டிமீட்டருக்குக் கீழே கடப்பாறை “டங்” என்று எதிரொலித்தது. தட்டுத் தட்டாக உடையும், சாம்பல் கலந்த பழுப்பு நிறமான, இறுகிய டில். ஒரு துண்டை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு சொட்டு விட்டேன். சோடா போத்தலைத் திறந்தது போலப் பொங்கியது. மேல்மண்ணில் அதே அமிலம் விட்டால் ஒரு குமிழியும் இல்லை. மேலே மழை சுண்ணாம்பைக் கரைத்து இறக்கிவிட்டது, அதனால் மேல்மண் இலேசான அமிலத் தன்மையோடு இருக்கிறது. கீழே பனி போட்ட சுண்ணாம்பு மாவு அப்படியே இருக்கிறது. விவரக் குறிப்பில் ஏ, இ, பி-டி, சி என்று எழுத்துகளாகப் படித்த அடுக்கு வரிசை, அதே ஒழுங்கில் என் முன்னால் நின்றது. புளூபெர்ரிக்கு மண்ணின் அமில, கார நிலையைச் சொல்லும் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்ந்த மண்ணை அந்த அளவுக்குக் கந்தகத்தால் இறக்கப் பார்ப்பது வீண் முயற்சி. போடும் அமிலத்தை எல்லாம் அந்தச் சுண்ணாம்பு தின்றுகொண்டே இருக்கும். இந்தக் குறிப்பை மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தால் அந்தச் செடிகளை வாங்கியிருக்கவே மாட்டேன்.

சேவையின் சிறப்பு என்று நான் கருதுவது, ஆராய்ச்சி நிலையத்தையும் என் கொல்லையையும் ஒரே பெயரால் இணைத்திருப்பதுதான். கயூகா ஏரிக் கரையில் அரோராவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் மஸ்கிரேவ் ஆராய்ச்சிப் பண்ணை ஹனியாய் மண்ணிலும் அதன் உடன்பிறப்பான லிமா மண்ணிலும் அமைந்தது. அங்கே உழவு, மூடுபயிர், உரம் பற்றி நடக்கும் சோதனையின் முடிவு என் நிலத்துக்கும் பெருமளவு பொருந்தும் என்று நான் துணிந்து சொல்ல முடிகிறது என்றால், அதற்குக் காரணம் தொடரின் பெயர் ஒன்றே என்பதுதான். இன்னொரு தாய்ப்பொருளில் உருவான மண்ணில் செய்த சோதனையைப் படித்துவிட்டு நான் இப்படிச் சொல்ல முடியாது. மாவட்டப் புத்தகம் நூலகத்தில் தூசி படிந்து கிடந்த காலத்தில் இந்த இணைப்பு ஒரு சிலருக்கே கிடைத்தது. இன்று கட்டணமின்றி எவருக்கும் கிடைக்கிறது. இந்த ஒன்றுக்காகவே நான் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

குறைகள் என்று சொல்வதைவிட எல்லைகள் என்று சொல்வது நியாயம், அவற்றைச் சேவையே மறைக்காமல் சொல்கிறது. வரைபடத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால், இந்த அளவில் மண் வரைபடம் செல்லாது என்று எச்சரிக்கை எழும். அதைப் புறக்கணிக்கக் கூடாது. 1:24,000 அளவில் வரைந்த வரைபடத்தில் தனிக் கட்டமாகக் காட்டக்கூடிய மிகச் சிறிய பரப்பு ஏறத்தாழ 5.7 ஏக்கர், 1:15,840 அளவில் வரைந்ததில் 2.5 ஏக்கர். என் நிலம் முழுவதுமே அதைவிடச் சிறியது. ஆகவே “ஹனியாய் லோம்” என்ற கட்டத்துக்குள் வேறு மண்களின் சிறு திட்டுகள் கட்டாயம் இருக்கும். வரைபடத்தின் பக்கத்தில் உள்ள மண் பெயரைச் சொடுக்கி உட்கூறுகளின் பட்டியலைத் திறந்தால், எந்தெந்த மண் எத்தனை பங்கு என்று அதிலேயே இருக்கிறது. பலர் அந்தப் பட்டியலைத் திறப்பதே இல்லை, தலைப்பைப் படித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தை ஒருவருக்குக் காட்டித் தரும்போது நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

ஹனியாயின் உடன்பிறப்புகள் மூன்று. நான்கும் ஒரே டில்லில் பிறந்தவை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க இறங்க நீர் வடியும் தன்மை மட்டும் மாறும். மேட்டில் நன்கு வடியும் ஹனியாய். சரிவு தணியும் இடத்தில் ஓரளவு நன்கு வடியும் லிமா. அதற்குக் கீழே, வசந்தத்தில் நீர் தேங்கி நிற்கும் இடத்தில் கெண்டையா. பள்ளத்தில், மேல்மண் கறுத்து அடிமண் சாம்பல் பூத்திருக்கும் லயன்ஸ். என் நிலத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டாவது குழி வெட்டியபோது 45 சென்டிமீட்டரில் துரு நிறத் திட்டுகளும் சாம்பல் திட்டுகளும் தெரிந்தன. ஆண்டின் ஒரு பகுதியில் அந்த ஆழம் வரை நீர் நிற்கிறது என்பதற்கு அவையே அடையாளம். அது லிமா. வீட்டின் இரு பக்கங்களுக்கு நடுவே 40 அடிதான், தலைப்பில் பெயர் ஒன்றுதான், ஆனால் மேட்டில் ஆப்பிள் மரம் வேர் விட்டு இறங்கும், கீழே வசந்தத்தில் அதன் வேர் மூச்சு விடாது. அடியிலிருக்கும் இறுகிய டில் நீரைக் கீழே விடுவதில் சோம்பல் காட்டும் என்பதையும் குறிப்பு எழுதியிருக்கிறது. கழிவுநீர் வடிகால் அமைக்கவும் நிலவறை கட்டவும் நினைப்பவர்கள் அந்த வரியைத் தவறவிடக் கூடாது.

மற்றொன்று: இந்தச் சேவை உங்கள் மண்ணில் இந்த ஆண்டு எவ்வளவு மணிச்சத்து, எவ்வளவு சாம்பல்சத்து இருக்கிறது என்று சொல்லாது. பி.எச். கூட ஒரு வீச்சாகத்தான் கிடைக்கும். வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டுமானக்காரர்கள் கொட்டிய மண்ணைப் பற்றியோ, பழைய வண்ணப்பூச்சிலிருந்து உதிர்ந்த ஈயத்தைப் பற்றியோ இதற்கு ஒன்றும் தெரியாது. அவற்றுக்கு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆய்வகத் தாள் வந்தபோது அதை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் எந்த மண்ணைப் பற்றிய தாள் அது என்று முன்பே அறிந்திருந்தேன்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விவரக் குறிப்பு மண்ணியலாளர்கள் மண்ணியலாளர்களுக்காக எழுதியது. நிறத்தை மன்செல் என்னும் நிற அட்டவணையின் எண்ணால் சொல்லும், கட்டியின் வடிவத்தைச் சுருக்கெழுத்தால் சொல்லும். அருஞ்சொற்பொருள் பட்டியல் எளிய நடையில் அதே பக்கத்தில் இணைந்திருந்தால் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். நான் மூன்று மாலைகளைச் செலவழித்து அகராதியோடு உட்கார்ந்துதான் படித்தேன். செலவழித்த நேரத்துக்கு மேலாகவே கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நிலம் வாங்கும் முன் பார்ப்பவர்களுக்கும், மரம் வைக்கப் போகிறவர்களுக்கும், கிணறு தோண்டவோ வடிகால் அமைக்கவோ போகிறவர்களுக்கும் இது முதல் படி. தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கும் வாங்கிய மண்ணால் உயர்த்திய பாத்தி கட்டியிருப்பவர்களுக்கும் இதனால் பெரிய பயன் இல்லை.

புளூபெர்ரியில் மிஞ்சிய 4 செடிகளையும் பீட் என்னும் அமிலத் தன்மையுள்ள மக்கிய பாசி நிரப்பிய பெரிய தொட்டிகளுக்கு மாற்றிவிட்டேன், புதுத் தளிர் பச்சையாக வருகிறது. மேட்டில் 3 ஆப்பிள் கன்றுகளும் ஒரு சர்க்கரை மேப்பிளும் நட்டாயிற்று. இந்த மண்ணின் இயற்கைக் காட்டு மரங்களில் சர்க்கரை மேப்பிளும் ஒன்று என்று குறிப்பிலேயே இருந்தது. வசந்தத்தில் பனி உருகியதும் நிலம் மேலே தள்ளிவிட்ட புதுக் கற்களைப் பொறுக்கி வரப்போரம் அடுக்குவது இப்போது ஆண்டு வேலையாகிவிட்டது. இந்த இலையுதிர் காலத்தில் மூன்றாவது குழி, வேலி ஓரத்தில், ஏப்ரலில் தண்ணீர் கடைசியாக வடியும் மூலையில். அங்கே லயன்ஸ் இருக்க வேண்டும் என்று உட்கூறுப் பட்டியல் சொல்கிறது.